மெதுவாகப் போக ஒரு கியர்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸின் வாலில் இன்னொரு சிறிய பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் முன் ஆக்ஸிலுக்கும் இன்னொன்று பின் ஆக்ஸிலுக்கும் போகும். அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். இன்ஜினின் சுழற்சியை முன்னும் பின்னும் அனுப்புவது அதன் முதல் வேலை. அந்தச் சுழற்சியைத் தேவைப்படும்போது இன்னொரு முறை குறைத்துக் கொடுப்பது இரண்டாவது வேலை. டிரைவர் குட்டைக் கம்பியை ‘ஹை’யிலிருந்து ‘லோ’வுக்குத் தள்ளும்போது நடப்பது இந்த இரண்டாவது வேலைதான். ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது வருஷத்தில் நாலு தடவை பயன்பட்டால் அதிகம். பாறை மேல் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ராக் கிராலிங் எனப்படும் பாறை ஊர்தல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளுக்குள் டாஹோ ஏரிப் பக்கம் போகும் ரூபிகன் தடத்தை அதன் தாய்வீடு என்று சொல்லலாம். நீளம் சுமார் 35 கி.மீ.தான். கிரானைட் பாறையும் உருண்ட கல்லுமாகக் கிடக்கும் அந்தப் பாதையில் இரண்டு நாள் எடுத்துக்கொள்வது சகஜம். 1953 முதல் அங்கே ஜீப்பர்ஸ் ஜம்போரி என்ற கூட்டுப் பயணம் நடக்கிறது. யூட்டா மாநிலத்தின் மோவாபில் 1967இல் தொடங்கிய ஈஸ்டர் ஜீப் சஃபாரி, ஜான்சன் வேலிப் பாலைவனத்தில் நடக்கும் கிங் ஆஃப் த ஹாமர்ஸ் போட்டி எல்லாம் இதே குடும்பம். நம் பக்கத்தில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறியவர்கள், முதுகெலும்பைத் தடவிக்கொண்டே, இதுவும் அதேதான் என்பார்கள். அது கல் பெயர்ந்த மலை ரோடு. கம்பெனி கொடுத்த லோ கியரே அங்கே தாராளம். ரூபிகனில் பாதை என்று ஒன்று இல்லாத இடங்களில் முழங்கால் உயரக் கல் மேல் ஒரு சக்கரம், பள்ளத்தில் ஒரு சக்கரம், அந்தரத்தில் ஒரு சக்கரம் என்று வண்டி நிற்கும். அங்கிருந்து அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு வண்டி எவ்வளவு தோதானது என்பதைச் சொல்ல ஓர் எண் உண்டு. கிரால் ரேஷியோ என்பார்கள். முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம், ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியனின் விகிதம் மூன்றையும் பெருக்கினால் அது வரும். சக்கரம் ஒரு சுற்று வர இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அதன் பொருள். எண் கூடக் கூட வண்டி மெதுவாகும்.

பழைய வண்டிகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்பி ஜீப்பில் முதல் கியர் 2.665, லோ 1.97, ஆக்ஸில் 4.88. பெருக்கினால் 25.6. போர் முடிந்ததும் 1945இல் அதே ஜீப்பை விவசாயிகளுக்கு விற்க சிஜே-2ஏ என்ற வடிவம் வந்தது. ஏர் இழுக்கும் வண்டி என்பதால் மூன்று விகிதங்களையும் மாற்றினார்கள்: 2.798, 2.43, 5.38. கிடைத்தது 36.6. 1980களின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில், 22ஆர்இ பெட்ரோல் இன்ஜினோடு, 3.954, 2.28, 4.10. பெருக்கினால் 37. 2018இல் வந்த சுசுகி ஜிம்னியின் மேனுவல் வண்டியில் 4.425, 2.002, 4.09. விடை 36.2. எழுபது ஆண்டுக்கு மேல் இடைவெளி, மூன்று தனித்தனிக் கம்பெனிகள், வந்து நின்ற இடம் ஏறக்குறைய ஒன்று. லேண்ட் ரோவர் மட்டும் கொஞ்சம் இறங்கிப் போனது. டிஃபெண்டரின் எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 3.32, மொத்தம் 43 சொச்சம். உழவு, சேறு, மலைப் பாதை, ஆற்றுப் படுகை எல்லாவற்றுக்கும் 40ஐ ஒட்டிய ஓர் எண் போதும் என்று இவர்கள் எல்லாரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு தப்பும் இல்லை. பாறைக்குத்தான் அது காணாது.

இப்போது கம்பெனியிலிருந்தே பாறைக்கென்று வரும் வண்டி ஜீப் ராங்ளர் ரூபிகன். அதன் மேனுவல் கியர்பாக்ஸில் முதல் கியர் 5.13, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 4, ஆக்ஸில் 4.10. மொத்தம் 84.2. பழைய எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எதற்காக இவ்வளவு?

இழுவைக்காக என்றுதான் பெரும்பாலானோர் பதில் சொல்வார்கள். லோ போட்டால் வண்டிக்கு யானை பலம் வரும் என்பது டிரைவர்கள் பேச்சு. பாதி உண்மை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் மீதி தெரியும். ராங்ளரின் 3.6 லிட்டர் வி6 இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 353 நியூட்டன் மீட்டர். அதை 84.2ஆல் பெருக்கினால் சக்கரங்களுக்குப் போவது, உராய்வில் போகும் நஷ்டத்தைக் கழிக்காமல், சுமார் 29,700. அந்தப் பக்கம் டயர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம். 2,000 கிலோ வண்டி, 33 அங்குல டயர், தன் எடையளவு விசையை டயர் பாறையில் பிடித்துக்கொள்ளும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொண்டால், நான்கு சக்கரமும் சேர்ந்து தாங்குவது சுமார் 8,200 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் கொடுத்தால் டயர் வழுக்கிச் சுற்றும். இன்ஜினிடம் இருப்பது தேவையைப் போல மூன்றரை மடங்கு. லோவை 4க்குப் பதில் சாதாரண ராங்ளரில் வரும் 2.72ஆக மாற்றினாலும், கிரால் ரேஷியோ 57ஆகக் குறைந்தாலும், தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கையில் இருக்கும். பலம் எப்போதோ போதுமான அளவு வந்துவிட்டது. அதற்கு அப்புறம் கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு பல்லும் மெதுவுக்காகத்தான்.

இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. இந்த நிலையில் ரூபிகன் ஹை ரேஞ்சில், முதல் கியரில் மணிக்கு சுமார் 5.3 கி.மீ. போகும். மனிதன் விரசாக நடக்கும் வேகம். 2.72 லோவில் 1.9 கி.மீ. 4:1 லோவில் 1.3 கி.மீ., அதாவது வினாடிக்கு ஒன்றேகால் அடி கூட இல்லை. காகிதத்தில் 1.9க்கும் 1.3க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பாறையில் நன்றாகவே தெரியும்.

முன் சக்கரம் ஒரு கல்லைத் தொடும் தருணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டயரில் காற்று பாதிக்கும் கீழே இறக்கியிருப்பார்கள். ரப்பர் கல்லைத் தொட்டதும் உடனே ஏறாது. முதலில் அமுங்கும். கல்லின் மூக்கு டயருக்குள் இரண்டு மூன்று அங்குலம் புதையும். பக்கச் சுவர் பிதுங்கும். டயரின் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கல்லின் சொரசொரப்பில் போய் உட்காரும். அந்த ஒரு வினாடியில் வண்டி நகர்ந்த மாதிரியே இருக்காது. இன்ஜின் சத்தம் மட்டும் லேசாகக் கனக்கும். பிறகு பம்பர் மெல்ல எழும்பும். சக்கரம் கல்லின் தலைக்கு வந்ததும் அந்தப் பக்கம் தொப்பென்று விழாமல், ஏறிய அதே வேகத்தில் இறங்கும். வேகம் இரண்டு மடங்கு இருந்தால் இதில் எதுவும் நடக்காது. டயர் அமுங்க நேரமில்லாமல் கல்லில் மோதி எகிறும். எகிறிய டயருக்குப் பிடிப்பு இல்லை. காற்றில் வேகமாகச் சுற்றும். சுற்றிக்கொண்டே கீழே வந்து பாறையைப் பிடிக்கும்போது அத்தனை வேகமும் சட்டென்று நிற்க வேண்டும். அந்த அடி போய் விழுவது ஆக்ஸில் ஷாஃப்டிலும் யூ ஜாயின்டிலும். பாறையில் உடையும் ஆக்ஸில்களில் பெரும்பாலானவை கனத்தால் உடைவதில்லை, இந்த அடியால்தான் உடைகின்றன.

வேகம் குறையும்போது இன்னொன்றும் நடக்கிறது. டயர் தாங்கும் 8,200 நியூட்டன் மீட்டரை 57 விகிதத்தில் கொடுக்க இன்ஜின் சுமார் 144 நியூட்டன் மீட்டர் தர வேண்டும். 84 விகிதத்தில் 98 போதும். 98ஐ ஐடிலிங்கை ஒட்டிய சுற்றிலேயே முணுமுணுக்காமல் தரக்கூடிய பெட்ரோல் இன்ஜின், 144 கேட்டால் திணறும். ஆஃப் ஆகாமலிருக்க ரேஸ் கொடுக்க வேண்டும். ரேஸ் கொடுத்தால் வேகம் கூடும். வேகத்தைக் குறைக்க ஹாஃப் கிளட்ச் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க ஹாஃப் கிளட்சில் பாறை ஏறினால் சாயங்காலம் கிளட்ச் பிளேட் கருகிய வாடை வரும். லோ ஆழமாக இருந்தால் கிளட்சைத் தொடவே வேண்டாம். கியரைப் போட்டு, இரண்டு காலையும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை மட்டும் பார்த்தால் போதும். செங்குத்தான கல்லில் வண்டி ஆஃப் ஆகி நின்றாலும் பிரச்சினை இல்லை. சில வண்டிகளில் லோவில் இருக்கும்போது கிளட்சை மிதிக்காமலே ஸ்டார்ட்டர் வேலை செய்யும்படி விட்டிருப்பார்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை அங்குலம் அங்குலமாக இழுத்து இன்ஜினையும் உயிர்ப்பித்துவிடும்.

இறக்கத்தில் இதே கியர் பிரேக்காகிறது. சக்கரம் ஒரு சுற்று வர இன்ஜினை 84 முறை சுற்றவைக்க வேண்டும் என்றால், வண்டியின் எடையால் அது அவ்வளவு சுலபத்தில் ஆகாது. இன்ஜின் பிடித்து இழுக்கும். இந்தப் பிடிப்பு நான்கு சக்கரத்துக்கும் சீராகப் போகும், எந்தச் சக்கரமும் பூட்டிக்கொண்டு சறுக்காது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வண்டியில் எடை குறைந்த பின் சக்கரம்தான் முதலில் பூட்டும். பின்பக்கம் சறுக்கி வண்டி குறுக்கே திரும்பினால் உருள்வதற்கு வெகு நேரம் ஆகாது.

இந்த ஆழத்தை ஆர்வலர்கள் கம்பெனிகளுக்கு முன்பே தேடிப் போனார்கள். முதல் வழி, கியர்பாக்ஸையே மாற்றுவது. அமெரிக்க டிரக்குகளில் பாரம் இழுக்க ‘கிரானி கியர்’ என்று ஒரு கிழட்டு முதல் கியர் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் எஸ்எம்465இல் அது 6.55. கனமான டிரக் கியர்பாக்ஸ்தான், ஆனால் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தது. அதன் பின்னால் என்பி205 என்ற வார்ப்பிரும்பு டிரான்ஸ்ஃபர் கேஸ். இரும்புக்குண்டு மாதிரி உழைக்கும்; லோ மட்டும் வெறும் 1.96. 4.10 ஆக்ஸிலோடு மொத்தம் 52.6.

இரண்டாவது வழிதான் அழகானது. என்பி203 என்று இன்னொரு டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தது. எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும்படி செயின் வைத்துச் செய்தது. ஆர்வலர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதன் முன்பகுதியில் வேகம் குறைக்கும் கியர்கள் தனிப் பெட்டியாக இருந்தன, கழற்றி எடுக்கலாம். விகிதம் 2.01. செயின் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த முன்பெட்டியை ஓர் அடாப்டர் வைத்து என்பி205க்கு முன்னால் பொருத்தினார்கள். இதற்கு டபுளர் என்று பெயர். இரண்டையும் லோவில் போட்டால் 3.94. முன்பு சொன்ன 52.6 ஒரே அடியில் 106 ஆனது. யாருக்கும் வேண்டாத பெட்டி, எல்லாரும் தேடும் பெட்டியாகிவிட்டது.

டொயோட்டாக்காரர்களுக்கு இதே யோசனை இன்னும் சுலபமாக வாய்த்தது. ஹைலக்ஸின் டிரான்ஸ்ஃபர் கேஸில் வேகம் குறைக்கும் பெட்டி முன்னால் தனியாகவும், முன் ஆக்ஸிலுக்குப் பிரியும் பகுதி பின்னால் தனியாகவும் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவைச் சேர்ந்த மார்லின் சாய்கோவ்ஸ்கி, இப்படி ஒரு குறைப்புப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு முழு டிரான்ஸ்ஃபர் கேஸைப் பொருத்தும் அடாப்டரை 1990களில் பரவலாக்கினார். மார்லின் கிராலர் என்ற கம்பெனி அப்படித்தான் எழுந்தது. 2.28ஐ 2.28ஆல் பெருக்கினால் 5.2. மேலே சொன்ன 37 இப்போது 84.3 ஆகும். ஜீப் ரூபிகனின் இன்றைய எண்ணை ஒரு பிக்கப்பில், பழைய இரும்புக் கடைப் பெட்டியை வைத்தே எட்டிவிட்டார்கள். பின்னால் இருப்பதில் 4.7 கியர் செட்டைப் போட்டால் 174. ஐடிலிங்கில் வண்டி மணிக்கு முக்கால் கிலோமீட்டர் கூட நகராது. பக்கத்தில் நடப்பவர் நின்று நின்றுதான் வர வேண்டும்.

சுசுகி சாமுராயின் கதை வேறு. அதன் நீண்ட வடிவமே இந்தியாவில் ஜிப்ஸி. இதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் வைத்துத் தனியாகத் தொங்கும். லோ 2.268, ஹை கூட 1.409. அதாவது ஹையிலேயே கொஞ்சம் வேகம் குறைக்கிறது. தனியாகத் தொங்குவதால் கழற்றி பெஞ்சில் வைத்து உள்ளே உள்ள கியர்களை மட்டும் மாற்றுவது எளிது. லோவை 4.16, 4.9, 6.5 என்று ஆழமாக்கும் செட்டுகள் விற்பனைக்கு வந்தன. 6.5 போட்ட சாமுராய் 3.73 ஆக்ஸிலோடு 88ஐத் தாண்டும். 1.3 லிட்டர் இன்ஜின் வைத்த ஒரு டன் வண்டி, பெரிய வி8 வண்டிகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் கல்லில் தையல் மிஷின் சத்தத்தோடு ஏறிப் போகும்.

ஜீப்பில் கம்பெனியே இறங்கி வந்தது 2003இல், டிஜே தலைமுறையின் ராங்ளர் ரூபிகனோடு. என்வி241ஓஆர் என்ற டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 4:1. இரண்டு ஆக்ஸிலிலும் டிஃபரென்ஷியல் லாக். பெயர் அந்தத் தடத்தின் பெயரே. அதுவரை ஆர்வலர்கள் ஷெட்டில் செய்துகொண்டிருந்ததை வாரண்டியோடு ஷோரூமில் விற்றார்கள்.

2.72ஐ 4ஆக்குவது வெறும் எண் மாற்றம் போலத் தோன்றலாம். உள்ளே பார்த்தால் அப்படி இல்லை. இந்த வகைப் பெட்டிகளில் லோவைத் தருவது சூரிய-கோள் அமைப்பு. நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே உட்புறம் பல் வெட்டிய வளையம். வளையத்தை அசையாமல் நிறுத்திச் சூரியனைச் சுழற்றினால், கோள்களைத் தாங்கும் தட்டு மெதுவாகச் சுற்றும். விகிதம், ஒன்றோடு வளையத்தின் பல் எண்ணிக்கையைச் சூரியனின் பல் எண்ணிக்கையால் வகுத்ததைக் கூட்டினால் வருவது. 2.72 வர வளையம் சூரியனைப் போல 1.72 மடங்கு இருந்தால் போதும். கோள்கள் சின்னதாக இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். 4 வர வளையம் மூன்று மடங்கு வேண்டும். அப்போது ஒவ்வொரு கோளும் சூரியனின் அளவுக்கே வளர்ந்துவிடும். பெட்டியை அகலமாக்க வேண்டும், இல்லையேல் சூரியனைச் சுருக்க வேண்டும். சூரியனுக்குள் ஷாஃப்ட் போவதால் அதை ஓர் அளவுக்கு மேல் சுருக்கவும் முடியாது. எளிய சூரிய-கோள் அமைப்பு ஏறக்குறைய 4இலேயே நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். ஹையில் போகும்போது ஒரு வளையப் பிடி சூரியனையும் வெளியேறும் ஷாஃப்டையும் நேரடியாகக் கோத்துவிடும். கோள்களுக்கு வேலையில்லை, அதனால் ரோட்டில் சத்தமும் இல்லை.

இன்னொரு வகை முழுக்க கியர்களால் ஆனது. செயின் கிடையாது. பழைய ஜீப்பின் டானா 300 அப்படிப்பட்டது, லோ 2.62. இன்று பாறைக்காரர்கள் கனவு காணும் அட்லஸும் இந்த வகைதான். கலிஃபோர்னியாவின் பாஸோ ரோபிள்ஸில் உள்ள அட்வான்ஸ் அடாப்டர்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. 3, 3.8, 4.3, 5 என்று லோவைச் சொல்லி வாங்கலாம். முன்னால் 2.72 பெட்டி ஒன்றைச் சேர்த்த நான்கு வேக அட்லஸும் உண்டு, 3.8ஓடு சேர்ந்தால் 10.3 வரை போகும். கியர் வகை ரோட்டில் கொஞ்சம் முனகும். செயின் வகையில் ஆண்டுகள் போகப் போகச் செயின் நீண்டு, பெரிய கல்லில் திணறும்போது பல் தாண்டும். டக் டக் என்ற அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டவர்கள் முனகலைப் பொருட்படுத்துவதில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, ஆக்ஸிலில் கிரவுன்-பினியனை மாற்றினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. ஓர் அளவுக்குச் செய்யலாம், டயரைப் பெரிதாக்கும்போது செய்தே ஆக வேண்டும். 33 அங்குல டயரை 37ஆக்கினால் 84.2 விகிதம் 75 போலத்தான் நடந்துகொள்ளும். அதை மீட்க 4.10 ஆக்ஸிலை 4.56ஆக மாற்றுவது வழக்கம். ஆனால் ஆக்ஸில் விகிதம் ஹைவேயிலும் கூடவே வரும். இன்ஜின் எந்நேரமும் கூடுதலாகச் சுற்றும். விகிதம் ஆழமாக ஆகப் பினியன் சின்னதாகும், பல் மெலியும். முதல் கியரை ஆழமாக்குவது அடுத்த வழி. 2021 ஃபோர்டு பிராங்கோ அதைத்தான் செய்தது. ஏழு வேக மேனுவலில் ஊர்வதற்கென்றே 6.588 கியர், அதோடு 3.06 லோ, 4.70 ஆக்ஸில், மொத்தம் 94.75. டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆழம் வைப்பதன் சௌகரியம், வேண்டாதபோது அது முழுசாக விலகி நிற்பதுதான்.

அதற்கு விலையும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பிறகு வரும் எல்லாவற்றின் மேலும் அந்தப் பெருக்கம் விழும். ரூபிகனில் 353ஐ 5.13ஆலும் 4ஆலும் பெருக்கினால் புரொபெல்லர் ஷாஃப்டுகளுக்கு வரக்கூடியது சுமார் 7,200 நியூட்டன் மீட்டர். டயர் வழுக்கும் வரை கவலையில்லை. வழுக்குவதே ஒரு ஃபியூஸ். சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கிக்கொண்டால் ஃபியூஸ் வேலை செய்யாது. அப்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் கால்தான் ஜாயின்டை உடைக்கிறது. டபுளர் போட்ட வண்டியில் இன்னொரு தொல்லை. பெட்டி நீளமாகும், பின் ஷாஃப்ட் குட்டையாகும், அதன் சாய்வு கூடும். சின்ன வண்டியில் ஜாயின்ட் தாங்கும் கோணத்தையே அது தாண்டிவிடும்.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. 174 விகிதத்தில் இன்ஜினை 5,000 சுற்றுக்குக் கதறவிட்டாலும் வண்டி மணிக்கு 5 கி.மீ. கூடத் தொடாது. பாறையில் அது சரி. சேற்றில் டயர் வேகமாகச் சுற்றித் தன் பள்ளங்களில் அப்பிய மண்ணை எறிய வேண்டும். மணலில் ஓட்டம் அறுந்தால் புதைந்துவிடும். ஒரே ஓர் ஆழமான லோ மட்டும் உள்ள வண்டி அங்கே தவிக்கும். டிரைவர் இரண்டாம், மூன்றாம் கியரில் கிளம்பிச் சமாளிப்பார். இரட்டைப் பெட்டிகளின் உண்மையான பயன் இங்கேதான். டொயோட்டா அமைப்பில் நேர், 2.28, 4.7, 10.7 என்று நான்கு தளம் கிடைக்கும். சேற்றுக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று. தினப்படி ஓட்டும் வண்டிக்கு 60 முதல் 100க்குள் ஓர் எண் போதும். அதற்கு மேல் போவது பெரும்பாலும் பாக்கெட்டைப் பொறுத்த ஆசை.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு எண் குறைவாக இருந்தாலும் நடந்துவிடும். எட்டு வேக ஆட்டோமேட்டிக் ரூபிகனில் முதல் கியர் 4.71, மொத்தம் 77.2. ஆனால் டார்க் கன்வெர்ட்டர் நின்ற நிலையில் முறுக்குவிசையை இரண்டு மடங்கு வரை பெருக்கும். ஆஃப் ஆகும் பயமும் இல்லை. ஏறுவதற்கு இதுவே சுகம் என்று இப்போது பாறைக்காரர்களில் பலர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இறக்கத்தில்தான் குறை. கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் நழுவுவதால் மேனுவல் மாதிரி இன்ஜின் இறுக்கிப் பிடிக்காது. இடது கால் பிரேக்கிலும் வலது கால் ஆக்ஸிலரேட்டரிலுமாக இரண்டையும் சேர்த்து ஓட்டப் பழக வேண்டும்.

லோவுக்கு மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் ஹையையும் லோவையும் ஒத்திசைக்கும் சின்க்ரோ கிடையாது. வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கம்பியைத் தயங்காமல் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். முற்றிலும் நின்றுவிட்டால் பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு உள்ளே போகாது. நடக்கும் வேகத்துக்கும் குறைவாக உருண்டுகொண்டிருந்தால் வழுக்கிப் போய் உட்காரும். திரும்ப எடுப்பதில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத பெட்டியில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் இறுகப் பிணைந்திருக்கும். திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போவதால் கூடுதல் தூரம் ஓட வேண்டும், ஆனால் பின்னால் இருப்பவை விடாது. மண்ணிலும் கல்லிலும் ஏதாவது ஒரு டயர் நழுவிக் கணக்கைச் சரிசெய்யும். தாரில் நழுவ முடியாது. இரண்டு ஷாஃப்டும் ஸ்பிரிங் மாதிரி முறுக்கேறி நிற்கும். தடத்தை விட்டுத் தார் ரோட்டுக்கு வந்து நாலு தடவை திரும்பிய பிறகு கம்பியை இழுத்தால் அது சிமென்ட்டில் புதைத்த மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் இழுத்துப் பயனில்லை. ரிவர்ஸ் போட்டு ஆறேழு அடி நேராகப் பின்னால் போக வேண்டும். அடியில் எங்கோ ‘டொங்’ என்று ஒரு சத்தம். அதோடு கம்பி ஒரு விரலுக்கே வந்துவிடும்.

சில பெட்டிகளில் முன் ஆக்ஸிலுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று என்று இரண்டு கம்பி உண்டு. பின்னதை நியூட்ரலில் விட்டு முன்னதை மட்டும் லோவில் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், முன் சக்கரங்கள் வண்டியின் மூக்கை இருந்த இடத்திலேயே இழுத்துத் திருப்பும். குறுகலான பாறை இடுக்கில் மூன்று தரம் முன்னும் பின்னும் போவதை இது மிச்சப்படுத்தும். முன் ஆக்ஸில் ஜாயின்டுகளுக்குப் பிடிக்காத வித்தை இது.

மின்சார வண்டி வந்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸின் காலம் முடிந்தது என்று பேச்சு வந்தது. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தரும், ஆஃப் ஆகாது, ஐடிலிங்கும் கிடையாது. ரிவியன் பிக்கப் ஒற்றை வேகக் கியரோடுதான் மலை ஏறுகிறது. ஆனால் ஏறக்குறைய சுற்றாமல் நின்றுகொண்டே கனமாக இழுக்கும் மோட்டார் நிறைய மின்னோட்டத்தை உறிஞ்சும், சூடாகும். ஒரு சக்கரத்தை ஒரு கல்லில் அரை நிமிடம் தாங்கிப் பிடிக்கும் வேலை அதற்குச் சிரமமானது. கியரில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் அதே இழுவைக்கு மோட்டார் பாதி உழைத்தால் போதும். 2024இல் வந்த மின்சார மெர்சிடிஸ் ஜி 580இல் நான்கு சக்கரத்துக்கும் நான்கு மோட்டார். முன்னையும் பின்னையும் இணைக்கும் ஷாஃப்ட் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸும் இல்லை. ஒவ்வொரு மோட்டாரோடும் தனித்தனியாக ஒரு 2:1 லோ கியரை மட்டும் வைத்திருக்கிறார்கள்.